நரி போனதால் மயில் வந்ததா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் மயிலைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். நரிகளை ஒழித்துக்கட்டினோம், முட்டை தின்ன ஆளில்லை, அதனால் மயில் பெருகிவிட்டது என்பதுதான் அதன் சாரம். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். வாட்ஸ்ஆப்பில் என் பெயர் இல்லாமல் சுற்றி, என் ஸ்கூல் குரூப்புக்கே திரும்பி வந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

போன மாதம் குறிஞ்சிப்பாடி பக்கத்தில் இருக்கும் மாமா போன் செய்தார். அம்மாவின் தம்பி. மூன்று ஏக்கர் கடலை, கொஞ்சம் முந்திரி. "மாப்ள, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுக்கப் போறோம். மயில முதல் அட்டவணையிலேர்ந்து எடுக்கணும்னு. ஒன் கட்டுரைய ஜெராக்ஸ் போட்டு பின்னாடி வச்சிருக்கேன். இஞ்சினியர் எழுதினதுன்னா ஒரு மதிப்பு இருக்குமில்ல."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பொழுதுபோக்காக எழுதியது ஒரு மனுவின் பின்னால் சாட்சியாகப் போய் உட்கார்ந்தால், அதைச் சோதித்துப் பார்க்காமல் விட முடியுமா? ஒரு மாதம் ராத்திரிகளில் உட்கார்ந்து பழைய குறிப்பை வரிவரியாகப் பிரித்தேன். இது அதன் மேல் நானே எழுதும் விமர்சனம். கூடவே, இதே கேள்விக்கு நேர்மாறான பதில் சொல்லும் ஒரு கேரளத்து ஆய்வுக் கட்டுரையின் மீதும்.

முதலில் 'நரி' என்ற சொல்லே தகராறு. காட்டு நாய் மாதிரி கொஞ்சம் பெரிசாக, கூட்டமாக ஊளையிடுவது ஒன்று. வால் நுனி கறுப்பாக, சின்னதாக, திறந்த மேய்ச்சல் வெளியில் வளை தோண்டி வாழ்வது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு இனம், உணவும் வாழிடமும் வேறு. நம் ஊரில் ஒருவர் குள்ளநரி என்று முதலாவதைச் சொல்வார், இன்னொருவர் அதே பெயரில் இரண்டாவதைச் சொல்வார். சேலம் வாழப்பாடி பக்கம் பொங்கல் சமயத்தில் 'வங்காநரி' பிடித்து வந்து ஜல்லிக்கட்டு நடத்துவார்கள், வனத்துறை அபராதம் போடும். அந்தச் செய்திகளைப் பத்திரிகைகளில் படித்துப் பாருங்கள். ஒன்றில் ஒரு இனம், மற்றதில் வேறு இனம். என் குறிப்பில் நான் எதைச் சொன்னேன்? சொல்லவே இல்லை. சின்ன வயதில் டவுன்ஷிப்பில் ராத்திரி ஊளைச் சத்தம் கேட்டதை வைத்து ஆரம்பித்து, நடுவில் சின்ன நரியின் படத்தைப் போட்டு, முடிவில் 'நரி அழிந்தது' என்று முடித்திருந்தேன். கோட் ரிவியூவில் யாராவது இப்படி ஒரே பெயரில் இரண்டு வேரியபிள் வைத்திருந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அடுத்தது கணக்கு. இரைகொல்லி, இரை என்றாலே எல்லோரும் காட்டும் சமன்பாடு லோட்கா-வோல்டெராவுடையது. 1920-களின் சரக்கு. இருபது வரி பைத்தானில் எழுதிவிடலாம். நானும் எழுதி, நரியின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி, மயில் கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு போவதைப் படமாகப் போட்டிருந்தேன். வெட்கக்கேடு. அந்தச் சமன்பாட்டில் இரையைக் குறைக்க இருக்கும் ஒரே வழி இரைகொல்லிதான். அதை எடுத்துவிட்டால் இரை கூடியே தீரும். உள்ளே நான் வைத்ததையே வெளியே எடுத்து 'நிரூபணம்' என்று காட்டியிருக்கிறேன்.

இந்தச் சமன்பாட்டுக்குப் பாடப்புத்தகங்கள் காட்டும் அழகான உதாரணம் கனடாவின் லின்ஸ் பூனையும் பனிமுயலும். ஹட்சன் பே கம்பெனி ரோமத்தோல் வாங்கிய கணக்கிலிருந்து, சுமார் பத்து வருஷத்துக்கு ஒரு முறை இரண்டும் ஏறி இறங்குவது தெரியும். முயல் ஏறும், பின்னாலேயே லின்ஸ் ஏறும் என்பது கதை. 1973-ல் மைக்கேல் கில்பின் என்பவர் அந்தத் தரவைக் கூர்ந்து பார்த்து, சில இடங்களில் லின்ஸின் உச்சம் முந்தியும் முயலின் உச்சம் பிந்தியும் வருகிறதே என்று கேட்டார். கட்டுரையின் தலைப்பே 'முயல்கள் லின்ஸைத் தின்கின்றனவா?' என்பதுதான். அமெச்சூர் ஆராய்ச்சி செய்யும் எல்லோரும் ஒரு தடவை படிக்க வேண்டிய கட்டுரை. தோல் கணக்கு என்பது மிருகத்தின் கணக்கு மட்டும் இல்லை, பொறி வைத்தவர்களின் கணக்கும்கூட.

சரி, பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது? சார்ல்ஸ் கிரெப்ஸும் அவர் குழுவும் யூகான் பகுதியில் க்ளுவானி என்ற இடத்தில் 1986-லிருந்து 1994 வரை ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள காட்டுத் துண்டுகள். ஒன்றில் மின்வேலி போட்டு லின்ஸ் மாதிரியான நாலுகால் இரைகொல்லிகளை வெளியே நிறுத்தினார்கள். இன்னும் சிலவற்றில் முயலுக்குக் கூடுதல் தீனி போட்டார்கள். வேறொன்றில் இரண்டையும் செய்தார்கள். எதுவும் செய்யாத துண்டுகளோடு ஒப்பிட்டால், வேலி மட்டும் போட்ட இடத்தில் முயல் அடர்த்தி 2 மடங்கு. தீனி மட்டும் போட்ட இடத்தில் 3 மடங்கு. இரண்டும் சேர்ந்த இடத்தில் 11 மடங்கு.

இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறுதானே வரணும்? பதினொன்று வருகிறது. பசியும் பயமும் தனித்தனியாக வேலை செய்வதில்லை. பசித்த முயல் துணிந்து வெளியே வரும், மாட்டிக்கொள்ளும். ஆக 'நரியா, தீனியா?' என்று கேட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் கேள்வியே கோணலானது. அதுவும் எட்டு வருஷம் வேலி கட்டிக் காத்துப் பார்த்த பிறகுதான் இதைச் சொன்னார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் சொல்லிவிட்டேன்.

இப்போது கேரளத்துக்கு. மயில் கேரளத்தில் பரவுவதைப் பற்றி சஞ்சோ ஜோஸ், பி. ஓ. நமீர் இருவரும் 2020-ல் எழுதிய கட்டுரை ரொம்பப் பிரபலம். 1933-ல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி பகுதிகளில் சுற்றிக் கணக்கெடுத்தபோது மயிலே அகப்படவில்லை. இன்று அங்கே மயில் ஏராளம். இவர்கள் சொல்லும் காரணம் நரி இல்லை, தட்பவெப்பம். கேரளம் வறண்டு வருகிறது, மயில் வறண்ட நிலத்துப் பறவை, அதனால் மயிலின் பரவலே காலநிலை மாற்றத்தின் அடையாளம் என்கிறார்கள். இப்போது மாநிலத்தின் 19 சதவீதப் பரப்பு மயிலுக்கு ஏற்றது, 2050 வாக்கில் அது 41 முதல் 55 சதவீதம் வரை போகலாம் என்பது அவர்கள் மாதிரியின் கணிப்பு.

அவர்கள் பயன்படுத்திய மென்பொருள் மேக்ஸ்என்ட். நானும் இறக்கி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மயில் தென்பட்ட இடங்களின் பட்டியலைக் கொடுக்கணும். வெப்பம், மழை போன்றவற்றின் வரைபட அடுக்குகளைக் கொடுக்கணும். மயில் இருக்கும் இடங்களின் சுபாவம் மற்ற இடங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று அது கற்றுக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை மதிப்பெண் போடும். நல்ல கருவி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதற்குள் கொடுத்த அடுக்குகளிலிருந்துதான் அது விடை எடுக்கும். தட்பவெப்பத்தைக் கொடுத்தால் தட்பவெப்பத்தில் விடை தரும். நரி என்ற அடுக்கு கிடையாது. வேட்டை நின்றுபோனதற்கு அடுக்கு கிடையாது. நெல் வயல் தரிசாகப் போனதற்கும் தனி அடுக்கு வேண்டும். 'இங்கே வாழ முடியும்' என்பதற்குத்தான் அந்த மதிப்பெண். 'இதனால்தான் வந்தது' என்பது வேறு வாக்கியம்.

இதில் ஆசிரியர்கள் மேல் பெரிய தப்பு சொல்ல மாட்டேன். 'மாதிரி ஆய்வு' என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். கட்டுரை பத்திரிகைக்குப் போய்ச் சேரும்போது அந்த வார்த்தை உதிர்ந்துவிட்டது. ஆனாலும் 'அடையாளம்' என்ற சொல்லைத் தலைப்பில் வைத்தது அவர்கள்தான். காய்ச்சல் டைபாய்டுக்கு அடையாளம் என்றால், வேறு எதற்கும் காய்ச்சல் வராது என்றா அர்த்தம்?

இந்த விளக்கத்துக்கு ஒரு சோதனை பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கிடைக்கிறது. அந்தக் கணவாய் ஓரத்தில், சூலன்னூரில் கேரளத்தின் மயில் சரணாலயம் இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் நாம். தமிழ்நாட்டுச் சமவெளி புதிதாக வறண்டது இல்லை, எப்போதுமே வறண்டதுதான். மயிலும் புதிது இல்லை. விராலிமலைக்கும் பழனிக்கும் மயிலை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் இங்கேயும் ஏறியிருக்கிறது. 2023-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுக்க இருபது வருஷத்தில் மயில் 150 சதவீதத்துக்கு மேல் கூடியிருப்பதாகச் சொல்கிறது. கேரளத்தின் ஈரம் குறைந்ததால் வந்தது என்றால், ஈரமே இல்லாத இடத்தில் ஏன் கூடியது?

இதையே திருப்பியும் போடலாம். கேரளத்தில் மக்களிடம் தகவல் கேட்டுத் தொகுத்த நரிக் கணக்கெடுப்பில், பதிவுகளில் மிகப் பெரும்பாலானவை காப்புக் காடுகளுக்கு வெளியே, தென்னந்தோப்பும் வீடுகளும் உள்ள இடங்களிலிருந்து வந்தன. அதாவது ஊளையிடும் நரி அங்கே ஊருக்குள்ளேயே இருக்கிறது. அது இருக்கும்போதே மயிலும் பரவியிருக்கிறது. என் நரிக் கதையை அங்கே கொண்டுபோனால் நிற்காது. அவர்களின் வறட்சிக் கதையை இங்கே கொண்டுவந்தால் நிற்காது.

நெய்வேலியையே எடுத்துக்கொள்வோம். எத்தனை விஷயம் ஒரே சமயத்தில் மாறியிருக்கிறது பாருங்கள். 1956-ல் நிறுவனம் வந்தது. 1960-களின் தொடக்கத்தில் பழுப்பு நிலக்கரி எடுக்க ஆரம்பித்தார்கள். சுரங்கத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இராப்பகலாக இறைத்தால்தான் வெட்ட முடியும். அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி வாலாஜா ஏரி வரை போகிறது. கோடையில் மற்ற ஊரில் குட்டை காயும்போது இங்கே ஓடும் தண்ணீர் இருக்கிறது. வெட்டிக் கொட்டிய மண்மேடுகளில் மரம் வைத்தார்கள், வைக்காத இடத்தில் புதர் தானாக ஏறியது. டவுன்ஷிப்புக்குள் அகலமான ரோடும் வேலி போட்ட தோட்டங்களும் பெரிய மரங்களும் உண்டு, துப்பாக்கிச் சத்தம் கிடையாது. மயில் ராத்திரி அடைய உயரமான மரம் வேணும், காலையில் மேய திறந்த இடம் வேணும். எங்கள் வட்டத்தில் இரண்டும் எதிரெதிரே இருக்கிறது.

வெளியே, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்து முந்திரியும் பலாவும் ஒரே காலையில் படுத்தன. மாமாவின் தோப்பும் அதில் போனது. பிறகு வைத்த கன்று மரமாகும் வரைக்கும் வருஷக்கணக்கில் அந்த நிலமெல்லாம் புதர். தரையில் முட்டையிடும் பறவைக்கு அது மறைவு. முட்டை தேடும் கீரிக்கும் உடும்புக்கும் அதுவே மறைவு. எதற்கு அதிக லாபம் என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது?

நரி போன இடம் காலியாகவும் இல்லை. நாய் வந்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் நன்னஜ் புல்வெளியில் அபி வனக்கும் அவருடைய சகாக்களும் செய்த சின்னப் பரிசோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சின்ன நரிகளுக்குத் தட்டில் தீனி வைத்தார்கள். பக்கத்தில் ஒரு நாயை நிறுத்தினார்கள். நாய் நரியைத் தொடவே இல்லை. ஆனால் நரி தீனி எடுப்பது குறைந்துவிட்டது. 2009-ல் வெளியானது. நரி குறைவதற்கு அதைக் கொல்லணும் என்றே இல்லை, சாப்பாட்டுப் பக்கம் ஒரு நாய் நின்றால் போதும். நாய் வந்ததால் நரி ஒதுங்கியிருந்தால், அந்த நாய் மயில் முட்டையைச் சும்மா விடுமா? என் பழைய குறிப்பில் 'இரைகொல்லி இல்லை' என்று எழுதிய நாளில், டவுன்ஷிப்பில் எங்கள் தெருவில் மட்டும் ஏழு நாய் இருந்தது.

இதற்குப் பிறகுதான் என் பிழையின் வேரைப் பிடித்தேன். மயில் சுமார் 28 நாள் அடைகாக்கும். ஒரு கூடு ஒரு நாளைத் தாண்டிப் பிழைக்கும் வாய்ப்பு 95 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 நாளும் தாண்ட, 0.95-ஐ 28 தடவை பெருக்கணும். 24 சதவீதம் வரும். நரி போய் அந்தத் தினசரி வாய்ப்பு 98 ஆகிறது என்றால் 57 சதவீதம். மூணே புள்ளி ஏற்றம், கூடுகள் இரண்டு மடங்குக்கு மேல் தப்பிக்கின்றன. நரிக் கதைக்கு இது நல்ல ஆதரவு மாதிரித்தான் தெரியும்.

இப்போது இன்னொரு திருகாணியைத் திருப்புங்கள். வளர்ந்த பெட்டை மயில் ஒரு வருஷத்தைத் தாண்டும் வாய்ப்பு 80 சதவீதம் என்றால், அதன் பிற்பாடு சராசரி ஆயுள் 5 வருஷம். வேட்டையும் விஷமும் குறைந்து அது 90 ஆனால் 10 வருஷம். அதுவும் இரண்டு மடங்கு. இந்த எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை, யாரும் அளந்தவை அல்ல. ஆனால் விளைவைப் பாருங்கள். முட்டை தப்பித்தாலும் மயில் கோடு ஏறும், தாய் தப்பித்தாலும் அதே கோடு ஏறும். தலையை மட்டும் எண்ணுகிறவனுக்கு இரண்டும் ஒரே படம். எத்தனை லட்சம் தலை எண்ணினாலும் காரணம் தெரியாது. கூட்டைப் பார்க்கணும், செத்த பறவையைப் பார்க்கணும்.

தலை எண்ணுவதிலேயே இலங்கை செய்தது தனிக் கதை. 2025 மார்ச் 15 காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, நாடு முழுக்க விவசாயிகள் தங்கள் நிலத்தில் தென்பட்ட குரங்கு, அணில், மயிலை எல்லாம் எண்ணினார்கள். மயில் சுமார் 42 லட்சம் என்று வந்தது. ஒரே மயில் நாலு தோட்டம் தாண்டினால் நாலு மயில். சிரிக்கத் தோன்றுகிறது, ஆனால் பயிர் போன கோபத்தை ஒரு அரசாங்கம் எண்ணாக மாற்ற முயன்றதே, அதை நான் மதிக்கிறேன். மாமா மாதிரி ஆட்களிடம் இங்கே யாரும் அதைக்கூடக் கேட்கவில்லை.

மாமாவைப் பார்க்க நேரில் போனேன். இந்த விமர்சனத்தில் எனக்குக் கஷ்டமான இடம் இதுதான், கணக்கு இல்லை. என் பழைய குறிப்பு உண்மை என்றால் அது அவருடைய மனுவுக்கே எதிரி. நரி இல்லாததுதான் காரணம் என்றால் வைத்தியம் நரியைத் திரும்ப விடுவது, அட்டவணையைத் திருத்துவது இல்லை. 1972 சட்டமும் 1963-ல் கொடுத்த தேசியப் பறவைப் பட்டமும் வேட்டையை நிறுத்தி, தாய்ப் பறவையைக் காப்பாற்றியதுதான் முக்கிய காரணம் என்றால், பாதுகாப்பை எடுத்தால் மயில் குறையும். அவருடைய மனு வேலை செய்யும். எனக்குப் பிடிக்காத பதில் அது. பிடிக்காததால்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் நான் பார்க்கவே இல்லையோ என்னவோ. நரி மேல் பழியைப் போட்டால் மயிலும் தப்பிக்கும், சட்டமும் தப்பிக்கும், படிக்கிறவர்களுக்கு ஒரு பெருமூச்சும் கிடைக்கும்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ ஒனக்கே தெரியாதுங்குற."

"கட்டுரைய மட்டும் எடுத்துடுங்க மாமா. அது தப்பு."

"எடுத்துடறேன். மனு குடுப்பேன்."

"குடுங்க. அது உங்க பயிரு."

பக்கத்துக் கொல்லையில் போன வருஷம் யாரோ விஷம் வைத்து ஆறு மயில் செத்துக் கிடந்ததாகவும், கூடவே இரண்டு கீரியும் ஒரு நாயும் கிடந்ததாகவும் அப்போதுதான் சொன்னார். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மயில்கள் விஷத்தில் சாவது பத்திரிகையில் அடிக்கடி வரும் செய்தி. இரைகொல்லியையும் இரையையும் சேர்த்தே எடுக்கும் இந்த ஒன்று, மேலே சொன்ன எந்தச் சமன்பாட்டிலும் இல்லை.

முந்திரி ஓரத்தில் மயில் கூடு வைத்த இடத்தைக் காட்டினார். கிட்டே போகவில்லை, போகவும் கூடாது. பத்து மீட்டர் தள்ளி நின்று பார்த்தோம். முட்டை ஓடு கொஞ்சம் கிடந்தது. குஞ்சு பொரித்துப் போனதா, ஏதாவது தின்றுவிட்டதா என்று ஓட்டைப் பார்த்து அங்கேயே ஒரு வாக்குவாதம். மாமா கீரி என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

பழைய குறிப்பை அழிக்கவில்லை. மேலே சிவப்பில் ஒரு வரி போட்டு இந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன். மார்கழிப் பட்டத்துக்கு மாமா கடலை விதைக்கிறார். விதைத்து முளை வருகிற வரைக்கும் விடிகாலையில் யாராவது வயலில் நிற்கணுமாம், இல்லாவிட்டால் மயில் வரிசையாகக் கிளறிக்கொண்டே போகும். அந்த வாரம் லீவு சொல்லியிருக்கிறேன். எத்தனை மயில், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நாயைப் பார்த்தால் என்ன செய்கிறது என்று எழுத ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மாமா தகர டப்பாவும் ஒரு குச்சியும் கொண்டுவரச் சொன்னார்.